மேல்கணக்கு மலையில் ஒரு வலை

நோட்டன் பிரிட்ஜ், மேல்கணக்கு
2024 ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே நல்ல சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். ஃபோனுக்கு சிக்னல் பிடிக்க வேண்டுமானால் பாதி மலை இறங்க வேண்டும். அதனால் இனிக் கடிதம்தான். கொழுந்து லொறி ஓட்டும் தங்கவேலு அண்ணன் கீழே தபாலில் போட்டுவிடுவார்.

நான் தங்குவதற்குப் பழைய உரக் காம்பரா ஒன்றைத் துப்புரவாக்கித் தந்திருக்கிறார்கள். வாசலுக்கு முன்னால் இரண்டு கம்பம் நட்டு வலையைக் கட்டிவிட்டேன். மூடுபனி அதன் வழியே போகும்போது நூலில் தண்ணீராகக் கோத்து, கீழே தகரப் பீலி வழியாகப் போத்தலில் இறங்கும். மழையே இல்லாத இந்த மாதங்களில் தேயிலை மலை பனியிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி என்று உனக்குத் தெரியும். பக்கத்து லயத்தில் குடியிருக்கும் காளியாயி அக்கா வந்து வலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பந்தாட்ட வலையா? இந்த ஒசரத்துல யாரு வந்து வெளையாடப் போறா?" என்று கேட்டார். சிரித்து மாளவில்லை.

நேற்று பின்னேரம் முதல் பனி வந்தது. ஒரு சொட்டு மழை இல்லை, வலை மட்டும் அழுதுகொண்டிருந்தது. ஐந்து வருடமாக இதையே படிக்கிறேன், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கிறேன். ஆனால் இப்படித் துண்டுப் பனி போதாதாம். ஒரு பகல் முழுக்க விடாமல் நிற்கும் பனி ஒன்றையாவது பிடித்துத் தர வேண்டும் என்கிறார் பேராசிரியை. எனக்கு இது கடைசி வறட்சிக் காலம். அது இல்லாவிட்டால் ஆய்வின் கடைசி அத்தியாயம் இல்லை.

சனிக்கிழமை பயிற்சிக்கு வந்துவிடுவேன். அம்மாவுக்கு உதவியாக வீட்டுக்குப் போவதாகத்தான் பேராசிரியை நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் கரப்பந்தாட்டம் ஆடுவது அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அம்மாவின் இருமலுக்கு மருந்து வாங்கினாயா?

உன் தங்கை,
சர்மிளா


பூண்டுலோயா
2024 ஜனவரி 21

என் அருமைத் தங்கச்சிக்கு,

அம்மாவின் இருமல் நின்றுவிட்டது. மருந்தால் இல்லை, பெருமையால். மலையில் இருக்கிற கொழுந்துக்காரிகளிடமெல்லாம், "எங்க சின்னவ பனிக்கு டொக்டரா வரப் போறா" என்று சொல்லித் திரிகிறாள். பனிக்கு என்ன நோய் என்று ஒருத்தி கேட்டாளாம், அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வரும்போது சொல்லிவிட்டுப் போ.

உன்னை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பிரமிப்பும் வரும். விஞ்ஞானம் எடுத்த பிள்ளைக்குப் பந்து எதற்கு என்று பாடசாலையில் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? நீ பழைய சாக்கைச் சுருட்டிக் கட்டி அதைத் தூக்கிப் போட்டுப் பழகினாய். அதே வருடம் மூன்று பாடமும் பாஸ். இவள் எந்த வயிற்றில் பிறந்தாள் என்று நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நம் அணி அரையிறுதிக்குப் போய்விட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் மாகாணக் கிண்ணத்தில் இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தடவை. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை முடிந்ததும் நேரே மைதானத்துக்குப் போய்விடுகிறேன். கெப்டன் நானே பிந்தி வந்தால் நிஷாந்தி திட்டுவாள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு படு.

அக்கா அனோஜா


நோட்டன் பிரிட்ஜ், மேல்கணக்கு
2024 பெப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

நலம்தானே? நான் பத்திரமாக மலை ஏறிவிட்டேன். அரையிறுதியில் ஜெயித்த சந்தோஷத்தில் பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் நின்று வந்ததுகூடத் தெரியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கடைசிப் பந்துக்கு நான் தூக்கிக் கொடுத்தேன், நீ எம்பி அடித்தாய். ஊரே கத்தியது. நீ கத்தவில்லை. கீழே இறங்கியதும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பிறகு எல்லாரும் ஓடி வந்து கட்டிப்பிடித்ததில் உன்னிடம் கேட்க முடியவில்லை. காலில் என்ன?

இங்கே பனி என்னோடு விளையாடுகிறது. வருகிறது, போத்தலில் ஒரு விரல் அளவு ஊற்றிவிட்டுப் போய்விடுகிறது. காம்பராச் சுவரில் பந்தைப் போட்டுப் பிடித்துக் கைப்பழக்கம் விடாமல் பார்த்துக்கொள்கிறேன். வெயிலில் லயத்துப் பீலி நூல் மாதிரி ஒழுகுகிறது. ஒரு குடம் நிரம்புவதற்குள் காளியாயி அக்கா ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடுகிறார்.

காலைப் பற்றி மறக்காமல் எழுது.

சர்மிளா


பூண்டுலோயா
2024 பெப்ரவரி 14

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே அனைவரும் சுகம். இறுதிப் போட்டி மார்ச் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனில். எதிரணி மாத்தளைப் பக்கம். ஆறடிப் பிள்ளைகள் என்கிறார்கள். உயரத்தைப் பற்றி நிஷாந்தியிடம் சொன்னேன். "மலையில பொறந்த எங்களுக்கு ஒசரத்தக் காட்டுறாங்களா?" என்கிறாள்.

அம்மா உனக்குக் கம்பளிக் காலுறை வாங்கி வைத்திருக்கிறாள். பிள்ளைக்காம்பராவில் புதிதாக இரண்டு கைக்குழந்தை சேர்ந்திருக்கிறது. இரண்டும் போட்டி போட்டு அழுகின்றன.

கால் சுளுக்குத்தான். எண்ணெய் தேய்த்தேன். உன் பனியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா அனோஜா


நோட்டன் பிரிட்ஜ், மேல்கணக்கு
2024 பெப்ரவரி 26

அன்புள்ள அக்கா,

நான் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். மனது சரியில்லை.

பேராசிரியை தங்கவேலு அண்ணனிடம் தகவல் அனுப்பியிருக்கிறார். மார்ச் நடுவில் காற்று திரும்பும், நாம் எதிர்பார்த்திருக்கும் நீளப் பனி அப்போதுதான் வரும், அந்த ஒரு வாரம் மலையை விட்டு ஒரு அடி நகரக் கூடாது என்று. பனி நிற்கும்போது மணிக்கொரு தரம் போத்தலை மாற்ற வேண்டும். மாற்ற ஆள் இல்லாவிட்டால் எல்லாம் நிரம்பி வழிந்து வீணாகிவிடும்.

அந்த வாரத்தில்தான் பதினேழாம் தேதி வருகிறது.

இத்தனை வருடத்தில் ஒரு மெச்சையும் நான் விட்டதில்லை, ஒரு பரீட்சையையும் விட்டதில்லை. இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போக முடியும் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். இப்போது முடியாது அக்கா. நான் வரவில்லை. நிஷாந்தி தூக்கிக் கொடுக்கட்டும், நீ அடி. நீ இருக்கும்போது அணி தோற்காது. அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, எனக்குத் தைரியமில்லை.

சர்மிளா


பூண்டுலோயா
2024 மார்ச் 3

சர்மிளா,

இந்தத் தடவை சுகம் விசாரிக்கவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சுளுக்கு என்று எழுதியது பொய். முழங்காலுக்குள் சவ்வு கிழிந்திருக்கிறது. நாவலப்பிட்டியில் காட்டினேன். இனிமேல் ஜென்மத்துக்கும் குதிக்கக் கூடாது என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, இருந்தாலும் புரியாதவள் மாதிரி முழித்துக்கொண்டிருந்தேன். அவர் பாவம், ஆங்கிலத்தில் ஒரு தடவை, கையைக் காட்டி ஒரு தடவை சொன்னார். மூன்று பாஷையிலும் ஒரே விஷயம்தான். பஸ்ஸில் வரும்போது முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அழுதேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ஆகவே பதினேழாம் தேதி அடிப்பதற்கு நான் இல்லை. நிஷாந்தி அடிப்பாள். அவளுக்குத் தூக்கிக் கொடுக்க நீ வேண்டும். நீயும் இல்லையென்றால் அது அணியே இல்லை, ஆறு பேர் நிற்கும் வரிசை.

குதிக்கத்தான் கூடாது, போத்தல் மாற்றக் கூடாது என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. பதினாறாம் தேதி லொறியில் ஏறி நான் மேலே வருகிறேன். நீ கீழே போய் ஆடு. உன் பனியை நான் பார்த்துக்கொள்கிறேன். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் பால் கரைத்துக் கொடுக்கிறவளுக்கு ஒரு போத்தல் மாற்றத் தெரியாதா?

உடனே பதில் எழுது.

அனோஜா


நோட்டன் பிரிட்ஜ், மேல்கணக்கு
2024 மார்ச் 12

அக்கா,

உன் கடிதம் கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. நாலைந்து தடவை எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் உன் காலை நினைத்து அழுதேன். அப்புறம் வலையை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

வா. பனி வந்தால் மணிக்கொரு தரம் போத்தலை மாற்று. போத்தலில் உள்ள கோட்டைப் பார்த்து அளவை எழுது. மூடியை இறுக்கிப் பெட்டியில் சேர்த்து வை. அவ்வளவுதான். படியில் பாசி, மெதுவாக ஏறு. முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

உன் சர்மிளா


நோட்டன் பிரிட்ஜ், மேல்கணக்கு
2024 மார்ச் 18, திங்கள் காலை

தங்கச்சிக்கு,

பனியால் நேற்று பஸ் ஓடவில்லை, நீ ஹட்டனில் தங்கிவிட்டாய் என்று தங்கவேலு அண்ணன் சொன்னார். மெச் என்ன ஆனது என்று அவருக்குத் தெரியவில்லை, மனுஷன் உருப்பட்ட செய்தி ஒன்றும் கொண்டுவர மாட்டார். பிள்ளைக்காம்பராவுக்கு லீவு இல்லை, நான் இந்த லொறியிலேயே இறங்க வேண்டும். அதனால் மேசைமேல் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

வந்ததடி உன் பனி!

விடிந்து கதவைத் திறந்தால் மலை இல்லை. லயம் இல்லை. வாசலில் நீ நட்ட கம்பத்தில் கிட்டத்து ஒன்று மட்டும் இருந்தது, அடுத்தது இல்லை. நான் பிறந்ததிலிருந்து பனிக்குள்தான் நடக்கிறேன். பாடசாலைக்கு நேரமாகும், பெரட்டில் பேர் கொடுக்க நேரமாகும், பஸ் போய்விடும் என்று தலையைக் குனிந்துகொண்டு அதற்குள் ஓடித்தான் பழக்கம். நேற்றுத்தான் ஒரு வேலையும் இல்லாமல் நடுவில் நின்று பார்த்தேன். அது சும்மா நிற்கவில்லை சர்மிளா, நகர்கிறது. என் கன்னத்தைத் தடவிக்கொண்டு வலைக்குள் போகிறது. அந்தப் பக்கம் வரும்போது தண்ணீராகச் சொட்டுகிறது. வானத்தில் ஒரு சொட்டு மழை இல்லை, போத்தல் நிரம்புகிறது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நீ ஐந்து வருடமாக எதற்காக இப்படிப் பைத்தியமாகத் திரிகிறாய் என்று நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். யாரை என்று கேட்காதே.

பொழுது சாயும்வரை விடவே இல்லை. மணிக்கொரு தரம் மாற்றினேன், அளந்தேன், எழுதினேன், பெட்டியில் வைத்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

பின்னேரம் காளியாயி அக்காவும் லயத்துப் பெண்கள் நாலைந்து பேரும் பனியில் நனைந்து நடுங்கிக்கொண்டு வலையைப் பார்க்க வந்தார்கள். வாசலுக்கு வந்தவர்களைத் தேத்தண்ணி கொடுக்காமல் எப்படி அனுப்புவது? லயத்துப் பீலி சுத்தமாக நின்றுவிட்டதாம், குடத்தில் ஒரு சொட்டு இல்லை. நீதான் பெட்டி நிறையச் சேர்த்து வைக்கச் சொல்லியிருந்தாயே, அதை எடுத்துக் கேத்தலில் ஊற்றினேன்.

அப்படி ஒரு தேத்தண்ணியை நான் குடித்ததே இல்லை. நமக்குக் கிடைக்கிற அதே தூள்தான். ஆனால் நிறம் பொன் மாதிரி, வாசம் காம்பரா முழுக்க. காளியாயி அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நாப்பது வருசமா கொழுந்து பறிக்கிறேன். இது இப்பிடித்தான் இருக்கும்னு இன்னிக்குத்தான் தாயி தெரியுது" என்றார். எல்லாரும் மறுபடி கோப்பையை நீட்டினார்கள். இரண்டாம் தரமும் ஊற்றினேன், பெட்டி காலி.

லொறி ஹோர்ன் அடிக்கிறது. ஜெயித்தீர்களா என்று உடனே எழுது.

அக்கா


நோட்டன் பிரிட்ஜ், மேல்கணக்கு
2024 ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத முடியவில்லை.

முதலில் மெச். தோற்றுவிட்டோம். நிஷாந்தி சொல்லியிருப்பாள், ஆனால் எப்படி என்று நான்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் செட்டிலேயே பனி மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. ஆடுகிறீர்களா என்று நடுவர் கேட்டார், இரண்டு அணியும் ஆடுகிறோம் என்றோம். எதிரே ஆட்களே தெரியவில்லை. நம் ஊர்ப் பக்கத்தில் பனிக்குள் சர்வீஸ் போடுகிறவள் "வருது!" என்று கத்திவிட்டுத்தானே போடுவாள், சின்னதிலிருந்து நமக்கு அதுதானே வழக்கம். நாங்கள் கத்தினோம். மாத்தளைப் பிள்ளைகளுக்கு அந்த வழக்கம் தெரியாது. அவர்களுடைய பந்து சத்தமில்லாமல் பனியைக் கிழித்துக்கொண்டு வந்து விழுந்தது. புள்ளி மளமளவென்று போனது. "நாங்க மட்டும் ஏன்டி கத்துறோம்?" என்று நிஷாந்தி பல்லைக் கடித்தாள். ஆனால் அவள் முறை வந்தபோது அவளும் கத்தினாள். கத்தாமல் அடிக்க எங்களுக்கு வரவில்லை அக்கா.

கடைசிச் செட். நான் கையைத் தூக்கிக்கொண்டு வெள்ளைக்குள் கண்ணை விட்டுக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "எனவா!" என்று. வருது என்று, சிங்களத்தில். அப்புறம் ஒவ்வொருத்தியும் அப்படியே கத்திவிட்டுப் போட்டாள். முகமே தெரியாது, குரல் மட்டும் வரும், அதன் பின்னால் பந்து வரும். "வருது!" "எனவா!" என்று மாறி மாறி மைதானமே கத்தியது, பார்க்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவ்வளவு நன்றாக நான் என் வாழ்நாளில் ஆடியதில்லை. இரண்டே புள்ளியில் தோற்றோம்.

அந்த மயக்கத்தோடு மலை ஏறி வந்து உன் கடிதத்தைப் படித்தேன். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா, அளப்பது பாதிதான். பெட்டியில் இருந்த தண்ணீரைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய், அதற்குள் என்னென்ன கரைந்திருக்கிறது என்று பார்ப்பது மற்றப் பாதி. அதை உனக்குச் சொல்லவே இல்லை. இது யாருக்கும் தெரியும்தானே என்று இருந்துவிட்டேன். பீலி வற்றிய காலத்தில் தண்ணீரைச் சேர்த்து வை என்று நம் வீட்டில் ஒருத்தியிடம் சொன்னால், அது குடிப்பதற்கு என்றுதானே அர்த்தம்? உன்மேல் கோபமில்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் இருந்தது. காளியாயி அக்கா தினமும் வந்து அந்தத் தேத்தண்ணியைப் பற்றிப் பேசிப் பேசியே அதைக் கரைத்துவிட்டார்.

பேராசிரியையிடம் என்ன சொல்வது? போத்தல் உடைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் சிக்னல் கிடைக்கும் இடம்வரை இறங்கினேன். குரலைக் கேட்டதும் பொய் வரவில்லை. பனி வந்த அன்று நான் மலையில் இல்லை, ஹட்டனில் பந்தாடிக்கொண்டிருந்தேன், என் அக்காதான் வலையைப் பார்த்தாள், தண்ணீரைத் தேத்தண்ணி போட்டு ஊருக்கே கொடுத்துவிட்டாள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் படிப்பு இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பிறகு மெதுவாகச் சிங்களத்தில் கேட்டார், "தினுவாத?" என்று. ஜெயித்தீர்களா என்று!

இல்லை மேடம், தோற்றுவிட்டோம் என்றேன். அதற்கு அவர் சொன்னார், அப்படியென்றால் அடுத்த வருடம் உனக்கு இரண்டு வேலை மிச்சம் இருக்கிறது, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று. அளவு முழுதாக இருப்பதால் இன்னொரு வறட்சிக் காலம் கேட்டு வாங்கித் தருகிறாராம். ஆனால் ஒரு நிபந்தனை, இனி நான் தனியாக மலையில் இருக்கக் கூடாது. வலையைப் பார்க்க ஆய்வு உதவியாளர் ஒருவரைச் சேர்க்க வேண்டும். அந்தப் பகல் முழுக்க ஒரு மணியும் தவறாமல் அளந்தவர் யார், அவர் வருவாரா என்று அவராகவே கேட்டார்.

வருவாயா அக்கா?

சர்மிளா


பூண்டுலோயா
2024 ஏப்ரல் 20

என் அருமைத் தங்கச்சிக்கு,

சித்திரை நல்லபடியாகப் பிறந்தது. அம்மா பலகாரம் அனுப்பியிருக்கிறாள், காளியாயி அக்காவுக்கும் கொடு.

உன் கடிதத்தைப் படித்ததும் பிள்ளைக்காம்பராவில் எழுந்து நின்றுவிட்டேன், மடியில் இருந்த குழந்தை அலறியது. உன் தண்ணீரைக் குடித்துத் தீர்த்த பாவிக்கே அதைக் காவல் காக்கும் வேலையா? அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் கழன்றுதான் இருக்கிறது, உன்னோடு ஒத்துப்போகும். அடுத்த தடவை எந்தத் தண்ணீர் உனக்கு, எந்தத் தண்ணீர் எங்களுக்கு என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டு இறங்கு.

அம்மாவிடம் காலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அழுதாள். அணியில் என் கெப்டன் இடத்துக்கு நிஷாந்தியின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். என் சட்டையையும் மடித்து அவளிடமே கொடுத்தேன். நீ அடுத்த வருடமும் அங்கே நின்று ஆட வேண்டும், டொக்டர் பட்டமும் வாங்க வேண்டும். இரண்டில் எதையாவது விட்டாயோ, ஒன்றைக் காலோடு சேர்த்துப் பறிகொடுத்தவள் நான் சொல்கிறேன், உன்னை மன்னிக்க மாட்டேன்.

நான் வருகிறேன். பதினைந்து வயதிலிருந்து ஒரு பந்துக்காக மேலே எம்பி எம்பியே இந்தக் காலைத் தேய்த்தேன். அன்றைக்கு உன் வாசலில் நின்றபோது வானமே இறங்கி என் முகத்தில் வந்து முட்டியது, நான் ஒரு அங்குலம்கூடக் குதிக்கவில்லை. எந்த மாதம் வர வேண்டும் என்று எழுது, லீவு போட வேண்டும்.

அக்கா அனோஜா